எண்ணுக்கு முன்னால் நான்கு எழுத்து

மன்னார்குடிப் பக்கம் பெரியப்பா வீட்டுக் கொட்டகையில் ஒரு மாஸி பெர்குசன் 35 டிராக்டர் நிற்கிறது. சாந்தோமில் வளர்ந்த எனக்கு அது கோடை விடுமுறையின் வாசனை. பெரியப்பா போன பிறகு, விற்பதா வைத்துக்கொள்வதா என்று வீட்டில் பேச்சு வந்தது. அப்போதுதான் அதன் வயதைத் தேட ஆரம்பித்தேன். ஆர்.சி. புத்தகம் 1964 என்றது.

முதல் காரியமே தப்பாகச் செய்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த நம்பர் தகட்டை, ரிவெட்டைத் தட்டிக் கழற்றி சாந்தோமுக்கு எடுத்து வந்துவிட்டேன். ஜன்னல் கம்பியையே தின்றுவிடும் உப்புக் காற்று எங்கள் தெருவில். ஒரு மழைக்காலம் மேசையில் கிடப்பதற்குள் தகட்டில் வெள்ளையாய் அரிப்பு ஏறி, கடைசி இலக்கம் 3ஆ 8ஆ என்று தெரியாமல் போனது. பெரியப்பாவின் இன்சூரன்ஸ் கட்டில் இருந்த பழைய பென்சில் தடம்தான் காப்பாற்றியது. வண்டியை விட்டுப் பிரிந்த தகடு எந்த வண்டிக்கும் சாட்சி சொல்லாது. தயவுசெய்து யாரும் கழற்றாதீர்கள்.

அந்தத் தடத்தில் எண்ணுக்கு முன்னால் எஸ்என்எம்ஒய் என்று நான்கு எழுத்து இருந்தது. ஆர்.சி.யில் அது இல்லை. பதிந்தவர் எண்ணை மட்டும் எழுதியிருந்தார். ஆனால் விஷயமே அந்த எழுத்துகளில்தான். எஸ் என்றால் சாதாரண அகலமுள்ள வண்டி; திராட்சைத் தோட்டத்துக்கான ஒடுக்கமான வண்டிக்கு வி. என் என்றால் பெர்கின்ஸின் 3 சிலிண்டர் டீசல் எஞ்சின். அந்த இடத்தில் டி இருந்தால் ஸ்டாண்டர்டு கம்பெனியின் 4 சிலிண்டர் டீசல், குளிரில் ஸ்டார்ட் ஆக மறுப்பதற்குப் பேர்போனது. எம் என்றால் இரட்டை கிளட்ச்: பெடலைப் பாதி மிதித்தால் வண்டி நிற்கும், பின்னால் கருவிகளை ஓட்டும் பி.டி.ஓ. தண்டு சுழன்றுகொண்டே இருக்கும். ஒய் என்றால் டிஃபரென்ஷியல் லாக். சேற்று வயலில் ஒரு சக்கரம் வெறுமனே சுழல, மற்றது அசையாமல் நிற்கும்போது, இதை மிதித்தால் இரண்டும் சேர்ந்து பிடிக்கும். டெல்டாவில் உழுதவர்களுக்கு இதன் அருமை தெரியும். உதிரிபாகக் கடையில் வெறும் "35" என்று கேட்டு இரண்டு முறை தவறான கிளட்ச் பிளேட்டோடு திரும்பியிருக்கிறேன். இப்போது நான்கு எழுத்தையும் சொல்லித்தான் கேட்கிறேன்.

அடுத்தது எண். இந்த மாடல் இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்து பேனர் லேன் ஆலையில் செய்தது. அங்கே 1961ஆம் வருட வரிசை 220614இல் தொடங்குகிறது. 1962இன் வரிசை 267528இல். எங்கள் எண் இரண்டுக்கும் நடுவில் விழுந்தது. ஆக, வண்டி 1961இல் பிறந்தது. 1964 பதிவான வருடம் மட்டும்தான். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

எஞ்சின் வேறு கதை சொன்னது. ஆர்.சி.யில் எஞ்சின் எண் 152யுஏ என்று தொடங்குகிறது. 152 என்பது அதன் கன அங்குலக் கொள்ளளவு. கொட்டகையில் நின்ற எஞ்சினில் இருந்ததோ வேறு எண், கூடவே சிம்ப்சன் பெயர். இடையில் யாரோ எஞ்சினை மாற்றி, ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டிருக்கிறார்கள். அண்ணா சாலை சிம்ப்சன் ஸ்டாப்பில் எத்தனை வருடம் பஸ் ஏறியிருப்பேன்! அந்தக் கம்பெனி பெர்கின்ஸ் எஞ்சின்களைச் சென்னையிலேயே செய்தது. அதே குழுமம் 1960இல் தொடங்கிய டாஃபே, மாஸி பெர்குசன் டிராக்டர்களை இங்கே செய்தது. அதனால் இந்த மாற்று எஞ்சினில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. காகிதத்தைச் சரி செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

எண்ணை வாசிக்கும் முறையை ஊர் மெக்கானிக் அண்ணனிடம் கற்றேன். நான் உப்புத்தாளை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, தேய்ச்சா திருட்டு வண்டின்னு சொல்லிடுவாங்க." மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷும் போதும். துடைத்து உலர்த்தி, சாக்பீஸைப் பூசி விரலால் வழித்தால் பள்ளத்தில் வெள்ளை நிற்கும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். பிறகு மெல்லிய தாளை வைத்து பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். 5ஐயும் எஸ் எழுத்தையும் கண் ஏமாற்றும்; தடம் ஏமாற்றாது.

போன பொங்கலுக்குத் தகட்டைப் பழைய துளைகளிலேயே பொருத்தினேன். பெரியம்மா அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார்.