கடலோர வீட்டில் ஒரு பட்டிங் கிரீன்: பிரித்துப் போட்டு கற்றுக்கொண்ட பாடம்

எனக்கு சொந்த ஊர் ஒகேனக்கல் பக்கம். பரிசல் ஊர்க்காரனுக்கு கோல்ஃப் எதுக்குடான்னு கேட்காதீங்க, கதை மாமாவோடது. சென்னை ஈ.சி.ஆர். ஓரமா இருக்கிற தன் வீட்டுக் கொல்லையில 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்துல அவர் ஒரு பட்டிங் கிரீன் போட்டார். பந்தை அடிக்காமல் உருட்டியே குழியில் தள்ளும் ஒட்ட வெட்டிய புல்தரைக்குத்தான் அந்தப் பெயர். ஆள் வைத்துப் போட்ட செயற்கைப் புல் அது. ஒரே மழைக்காலத்தில் ஓரம் சுருண்டு, ஆணி துருப்பிடித்து, கீழே பாசி நாற்றம். செமஸ்டர் லீவில் நானும் ரெண்டு சிவில் நண்பர்களும் பிரித்துப் பார்த்தோம். சிமென்ட் தரை மேல, வாட்டமே இல்லாம, நேரா விரிச்சிருந்தாங்க!

அசல் புல்லே போடலாமே?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோடையில் புல்லுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 5 மி.மீ. தண்ணீர் வேண்டும். 18 சதுர மீட்டருக்கு அது 90 லிட்டர், மாதத்துக்கு 2,700 லிட்டர். எங்க ஊர் அருவியில் விழுகிற காவிரிதான் மேட்டூர், கொள்ளிடம், வீராணம் வழியாக சென்னைக்கும் குடிதண்ணீராக வருகிறது. அந்தக் காவிரி பக்கத்திலேயே ஓடியும், தருமபுரி மாவட்டத்தில் பல கிராமங்கள் ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்து, பல்லில் கறையும் எலும்பில் வலியுமாக வாழ்ந்தன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல்தான் திறக்கப்பட்டது. அதனால புல்லுக்குத் தினமும் 90 லிட்டர்னு மாமா சொன்னப்போ எனக்கு மனசு ஒப்பலை.

எழும்பூர் சொல்லும் பாடம்

செயற்கைப் புல் சென்னைக்குப் புதுசு இல்லை. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி மைதானத்தில் 2023-ல் புது டர்ஃப் போட்டு, ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்தது. இறுதிப் போட்டியில் இந்தியா 4-3 என்று மலேசியாவை வென்றது. அங்கே நம் கண்ணுக்குத் தெரிவது மேலே இருக்கும் கம்பளம் மட்டும்தான். வேலை செய்வது அதன் கீழே சமமாக்கி, வாட்டம் விட்டு, வடிகால் வைத்த அடித்தளம். நம் கொல்லைக்கும் அதே விதிதான்.

வேலை வரிசை

1. பழைய சிமென்ட் தரையை உடைத்து 15 செ.மீ. ஆழம் தோண்டினோம். ஒரு மீட்டருக்கு 1 செ.மீ. வாட்டம். அதாவது 6 மீட்டர் நீளத்துக்கு 6 செ.மீ. இறக்கம், வீட்டுச் சுவருக்கு எதிர்த் திசையில். ட்யூப் லெவல் போதும்.

2. மண்ணின் மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி. இல்லாவிட்டால் ஜல்லி மண்ணுக்குள் புதைந்து தரை அங்கங்கே அமுங்கும்.

3. 10 செ.மீ. கனத்துக்கு 20 மி.மீ. ஜல்லி. கணக்குப்படி 1.8 கன மீட்டர், சுமார் 64 கன அடி. இடித்தால் அமுங்கும் என்பதால் 80 கன அடி வாங்கினோம். ஒரே தடவையில் கொட்டாமல், இரண்டு அடுக்காகப் போட்டு திமிசு போடணும்.

4. அதன் மேல் இன்னொரு துணி, பிறகு 2.5 செ.மீ. கழுவிய எம்-சாண்ட். நனைத்து, மட்டக்கோலால் இழுத்து, மறுபடி இடிக்கணும். இங்கே விட்ட சின்ன மேடு கூட பந்தைத் திருப்பிவிடும். கடல் மணல் பக்கத்துலயே கிடக்குதேன்னு அள்ளக் கூடாது. அதில் உப்பு இருக்கு, அள்ளுவது சட்ட விரோதமும் கூட.

5. குழியின் விட்டம் விதிப்படி 108 மி.மீ. 110 மி.மீ. பிவிசி குழாயை வெட்டி வைக்கலாம்னு நண்பன் சொன்னான். அந்த 110 வெளி விட்டம்! சுவர் கனம் போனால் உள்ளே 108 கிடைக்காது. அதனால் ரெடிமேட் பிளாஸ்டிக் கப், அடியில் ஓட்டையோடு.

6. டர்ஃபை சில மணி நேரம் விரித்துப் போட்டு, வெயில் தாழ்ந்த பிறகு ஆணி அடித்தோம். உச்சி வெயிலில் விரிந்த நிலையில் அடித்தால் இரவில் சுருங்கி ஓரம் இழுக்கும். உப்புக் காற்றுக்கு இரும்பு ஆணி தாங்காது. 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லது.

7. கடைசியாக சிலிக்கா மணலைத் தூவி பிரஷ் போடணும். ரப்பர் துகள் வேண்டாம். அது மைக்ரோபிளாஸ்டிக் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் அதன் விற்பனைக்குத் தடை விதித்து, மாறிக்கொள்ள 8 வருஷம் அவகாசம் கொடுத்திருக்கிறது.

மழை வந்தால்?

மணிக்கு 60 மி.மீ. மழை என்றால் 18 சதுர மீட்டரில் 1,080 லிட்டர் விழும். ஜல்லியில் 40 சதவீதம் இடைவெளி என்று வைத்தால் அது 720 லிட்டர் பிடிக்கும். மண் ஒரு சொட்டுகூட உறிஞ்சாவிட்டாலும் 40 நிமிஷம் தாங்கும். ஈ.சி.ஆர். மணல் தரை என்பதால் பெரும்பகுதி கீழே இறங்கிவிடும். ஆனால் நவம்பரில் நிலத்தடி நீர்மட்டம் மேலே ஏறி நிற்கும். அதற்காகத் தாழ்வான ஓரத்தில் துளையிட்ட குழாயை ஓட்டி, உறிஞ்சு குழியில் சேர்த்தோம். 2015 டிசம்பர் 1-ம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது நினைவிருக்கா? அந்த மாதிரி நாளில் எந்தக் குழியும் நிரம்பும். வாட்டம் மட்டும் சரியா இருந்தா வீட்டுக்குள்ள தண்ணி வராது.

சோதனை

வேகத்தை அளக்க ஸ்டிம்ப்மீட்டர் இருக்கு. எட்வர்ட் ஸ்டிம்ப்சன் 1935-ல் யோசித்த கருவி. 36 அங்குல நீளப் பள்ளக்கட்டையில் பந்தை வைத்து மெல்லத் தூக்கினால், சுமார் 20 டிகிரியில் பந்து தானே உருளும். எத்தனை அடி ஓடுகிறதோ அதுதான் அளவு. வாட்டம் இருப்பதால் இரண்டு திசையிலும் உருட்டி சராசரி எடுக்கணும்.

குறையையும் சொல்லிடறேன். நல்ல வெயிலில் செயற்கைப் புல் 60 டிகிரியைத் தாண்டும், வெறுங்காலில் நிற்க முடியாது. அதனால மாமா காலையிலயும் சாயங்காலமும் மட்டும் விளையாடறார். முழுக் கொல்லையையும் இப்படி மூடாதீங்க. இருந்த வேப்ப மரத்தையும் மிச்ச மண்தரையையும் நாங்க தொடவே இல்லை.

வீட்டுப்பாடம்: உங்க ஹாஸ்டல் பக்கத்துல இருக்கிற வாடகை டர்ஃபுக்குப் போங்க. விளையாடி முடிச்சதும், தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க. பதில் தெரியலைன்னா, அதைப் போட்டவங்களுக்கும் தெரிஞ்சிருக்காது!