எழுத ஆசைப்படும் ஜூனியர் வக்கீல்களுக்கு

கோர்ட்டுக்கும் போக வேண்டும், கதையும் எழுத வேண்டும் என்று என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் காட்டுகிற ஆள் எடின்பரோ வக்கீல் வால்டர் ஸ்காட். கவிதை, நாவல், சரித்திரம் என மூன்றையும் எழுதியவர்.

1. தொழிலை விட்டுவிட்டு எழுத வராதீர்கள். 1792-ல் வக்கீலான ஸ்காட், 1799-ல் செல்கர்க் பகுதிக்கு ஷெரிப் ஆனார். சென்னையில் இருந்த ஷெரிப் பதவிபோல அலங்காரமல்ல அது. வழக்கு விசாரிக்கும் வேலை. 1806 முதல் 1830 வரை எடின்பரோ உயர்மன்றத்தில் எழுத்தராகவும் இருந்தார். விடிகாலையில் எழுந்து எழுதிவிட்டுத்தான் கோர்ட்டுக்குப் போவார்.

2. முதலில் சேகரியுங்கள். ஸ்காட்லாந்தின் எல்லைப்புற மலைக்கிராமங்களில் அலைந்து, வாய்வழியாக வந்த கதைப்பாடல்களைத் திரட்டி 1802-ல் வெளியிட்டார். அவரைப் பிரபலமாக்கிய சொந்தக் காவியம் 1805-ல்தான் வந்தது.

3. கதையைச் சட்டப் புத்தகத்திலேயே தேடலாம். ஸ்காட்லாந்தில் 1690-ல் ஒரு கொடுமையான சட்டம் போட்டார்கள். கர்ப்பத்தை மறைத்து, பிரசவத்துக்கு யாரையும் துணைக்கு அழைக்காத பெண்ணின் குழந்தை இறந்தாலோ காணாமல் போனாலோ, அவளே கொன்றதாகக் கொள்ளலாம். ‘மிட்லோதியனின் இதயம்’ (1818) நாவலில் எஃபி என்ற பெண் அந்த வலையில் சிக்குகிறாள். "என்னிடம் சொன்னாள்" என்று அக்காள் ஜீனி ஒரு வார்த்தை சாட்சி சொன்னால் தங்கை பிழைப்பாள். ஜீனி பொய் சொல்ல மறுக்கிறாள். பிறகு, தண்டனை பெற்ற தங்கைக்காக அரச மன்னிப்புக் கேட்க லண்டனுக்குப் புறப்படுகிறாள். ஹெலன் வாக்கர் என்ற நிஜப் பெண்ணின் கதை அது. பெயர் போடாத ஒரு கடிதத்தில் ஸ்காட்டுக்குக் கிடைத்தது. பிற்பாடு அவள் கல்லறைக்குக் கல் நாட்டியவரும் அவரே. எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வழக்கைத் திருப்பும் என்று தெரிந்தவரால்தான் அந்தக் கூண்டுக் காட்சியை அப்படி எழுத முடியும்.

4. தெரியாத ஊரைத் தொடும்போது பயம் இருக்கட்டும். ‘வைத்தியர் மகள்’ கதை சென்னைக்கும் ஹைதர் அலியின் மைசூருக்கும் வருகிறது. ஸ்காட் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. படித்தால் தெரியும்.

5. கண்ட தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இதை ஒரு வக்கீலுக்கே சொல்ல வேண்டியிருக்கிறது! அச்சகத்தில் ரகசியப் பங்காளியாக இருந்து, கடன் உண்டியல்களில் கையெழுத்துப் போட்டுச் சிக்கி, 1826-ல் 1,20,000 பவுனுக்கு மேல் கடனாளியானார். திவால் கேட்கவில்லை, எழுதியே அடைக்கப் பார்த்தார். அந்த அவசரத்தில் முடிந்ததுதான் 9 தொகுதி நெப்போலியன் சரித்திரம். பணம் வந்தது, அதை இன்று யாரும் தேடிப் படிப்பதில்லை. 1832-ல் அவர் இறந்தபோதும் பாக்கி இருந்தது.

6. சரித்திரம் எழுத ஆசையா? நெப்போலியனை விட்டுவிட்டு, பேரனுக்காக அவர் எழுதிய ஸ்காட்லாந்துச் சரித்திரத்தைப் பாருங்கள்.

அவர் நாவல்களில் ஜீனியின் கதையிலிருந்து தொடங்குங்கள். முதல் அத்தியாயங்கள் இழுவையாக இருக்கும். விசாரணை வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.