மின்கல அடுக்கிற்கு ஊட்டும் மின்னோட்டத்தை டிரான்சிஸ்டர் ஸ்விட்சினால் கட்டுப்படுத்துதல்

ஹைதராபாத்தைச் சார்ந்த மௌலா அலியில் தென் மத்திய ரயில்வேயின் எஞ்சின் பராமரிப்புக் கூடமும், ரயில்வே ஊழியர் பயிற்சி நிலையமும் அமைந்துள்ளன. இத்தகைய கூடங்களில் பேணப்பட்ட டீசல் எஞ்சின்களுள் டபிள்யூ.டி.எம்.-2 என்பது பெயர் பெற்றது. இவ்வகை 1962-இல் அமெரிக்காவிலிருந்து வரத் தொடங்கியது. 1964 முதல் வாரணாசியில் உற்பத்தியாயிற்று. பல நூறு டன் சுமையை இழுக்கும் இவ்வெஞ்சினும் தானாகத் தொடங்குவதில்லை. மின்கல அடுக்கே அதனை முதலில் சுழற்ற வேண்டும். அடுக்கு வலுவிழந்தால் எஞ்சின் அசையாது. ஆதலின் அதற்கு மின்னூட்டும் முறையை அறிதல் இன்றியமையாதது.

மின்னழுத்தமும் மின்னோட்டமும்

இவ்வெஞ்சினில் 8 வோல்ட் கொண்ட எட்டுக் காரீய அமில மின்கலப் பெட்டிகள் தொடராக இணைக்கப்பட்டிருந்தன. ஆக, 32 கலங்கள், 64 வோல்ட். எஞ்சினால் சுழற்றப்படும் துணை மின்னாக்கி இவற்றிற்கு 72 வோல்ட் அளித்தது. அதாவது கலம் ஒன்றுக்கு 2.25 வோல்ட்.

மின்னாக்கியின் அழுத்தத்திலிருந்து அடுக்கின் அழுத்தத்தைக் கழித்து, சுற்றின் மின்தடையால் வகுத்தால் ஊட்டும் மின்னோட்டம் கிடைக்கும். அடுக்கின் அழுத்தம் 66 வோல்ட், தடை 0.1 ஓம் எனக் கொள்வோம். 72 வோல்ட்டில் 60 ஆம்பியர் பாயும். அழுத்தம் 75 வோல்ட்டாக உயர்ந்தால் 90 ஆம்பியர் பாயும். மூன்று வோல்ட் பிழைக்கு மின்னோட்டம் ஒன்றரை மடங்காகிறது!

கலம் ஒன்றுக்கு ஏறக்குறைய 2.4 வோல்ட்டைத் தாண்டினால் நீர் பெருமளவில் ஹைடிரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரியும். காற்றில் ஹைடிரஜன் 4 சதவீதத்தை எட்டினால் ஒரு தீப்பொறியே வெடிப்பிற்குப் போதுமானது. அழுத்தம் குறைந்தாலோ தகடுகளில் காரீய சல்பேட் படிந்து இறுகும்.

மின்னாக்கியின் இயல்பு

மின்னாக்கியின் அழுத்தம், அதன் சுழல் வேகத்தையும் காந்தப் புலத்தின் வலிமையையும் பொறுத்தது. இவ்வெஞ்சினின் வேகம் நிமிடத்திற்கு 400 சுற்றிலிருந்து 1,000 சுற்று வரை மாறும். வேகம் இரண்டரை மடங்கு உயரும்பொழுது காந்தப் புலத்தை அதற்கேற்பத் தணித்தால்தான் அழுத்தம் நிலைக்கும். புலத்தை உண்டாக்கும் சுருளுக்குப் புலச்சுருள் என்பது பெயர். அதிற் பாயும் சில ஆம்பியரை ஆள்வதன் மூலம், அடுக்கிற்குச் செல்லும் பல பத்து ஆம்பியரையும் ஆளலாம்.

டிரான்சிஸ்டர் ஏன் ஸ்விட்சாக இயங்க வேண்டும்?

ஓர் உதாரணம்: 12 ஓம் தடையுள்ள புலச்சுருளுக்கு 72 வோல்ட் மூலத்திலிருந்து 3 ஆம்பியர் தேவை. சுருளுக்கு 36 வோல்ட் போதும். எஞ்சிய 36 வோல்ட்டை, பாதி திறந்த குழாயைப் போல, டிரான்சிஸ்டர் தாங்குமாயின் அதில் 36 × 3 = 108 வாட் உஷ்ணமாக வீணாகும்.

மாறாக, டிரான்சிஸ்டர் பாதி நேரம் முழுதும் கடத்தியும் பாதி நேரம் முழுதும் கடத்தாமலும் இருக்கட்டும். கடத்தும்பொழுது அதன் குறுக்கே ஏறக்குறைய 1 வோல்ட்டே நிற்கும். கடத்தாதபொழுது அதில் மின்னோட்டமே இல்லை. சராசரி உஷ்ணம் 1 × 3 × ½ = 1.5 வாட். மாறும் கணங்களில் சிறிதளவே இதனுடன் கூடும்.

சுருளின் தூண்டல் பண்பு மின்னோட்டத்தைத் திடீரென நிற்க விடாது. சுருளுக்கு இணையாக ஒரு டயோடு வைத்தால், ஸ்விட்ச் அடைபட்ட நேரத்தில் மின்னோட்டம் அதன் வழியே சுற்றி வரும். அது இல்லையேல் சுருளில் எழும் உயர் அழுத்தம் டிரான்சிஸ்டரை அழித்துவிடும்.

ஸெனர் டயோடு ஒன்று அளவுகோலாக அமைகிறது. அழுத்தம் 72 வோல்ட்டைத் தாண்டினால் டிரான்சிஸ்டர் அடைபடும், குறைந்தால் திறக்கும். பழைய சீராக்கிகளின் கரித்தட்டுகளும் அதிரும் தொடுமுனைகளும் போன்று தேய்வதற்கு இதில் ஒன்றுமில்லை.

களப் பணியாளர் கவனத்திற்கு

1. மின்கல அறையைத் திறந்ததும் காற்றோட்டம் தருக. தீயை அருகே கொணரற்க.
2. மின்னாக்கி சுழலும்பொழுது அடுக்கின் இணைப்பைக் கழற்றற்க. எழும் மிகையழுத்தம் சீராக்கியைக் கெடுக்கும்.
3. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் 32 கலங்களுக்கு ஏறத்தாழ 1 வோல்ட் குறைத்து ஊட்டுதல் தகும். கோடையில் நீர் விரைவில் குறைகிறதெனில் முதலில் அழுத்தத்தைச் சோதிக்க.

வகுப்பறைப் பரிசோதனை

6 வோல்ட் மின்கலம், 6 வோல்ட் 0.1 ஆம்பியர் பல்பு, எஸ்.எல். 100 டிரான்சிஸ்டர் ஆகியவற்றை எடுத்துக்கொள்க. பல்பைக் கலெக்டர் முனையிலும், எமிட்டரை எதிர்முனையிலும் இணைக்க. 470 ஓம் தடையையும் 50 கிலோ ஓம் மாறுதடையையும் தொடராக்கி, நேர்முனையிலிருந்து பேஸ் முனைக்குக் கொடுக்க. மாறுதடை சுழியில் இருக்கையில் பல்பு ஒளிரும். டிரான்சிஸ்டர் குளிர்ந்தே இருக்கும். தடையைக் கூட்டிப் பல்பை மங்கச் செய்க. மின்னோட்டம் குறைந்தும் டிரான்சிஸ்டர் சூடேறுவதை மாணவர் விரலால் தொட்டறிவர்.

வினாக்கள்

1. மேற்கண்ட புலச்சுருளுக்கு 1.5 ஆம்பியர் தேவையாயின், ஸ்விட்ச் எத்தனை பங்கு நேரம் கடத்த வேண்டும்?
2. எஞ்சினின் வேகம் கூடும்பொழுது அந்நேரம் கூடுமா, குறையுமா? காரணம் கூறுக.