சோபாவுக்குப் பருத்தி, திண்டுக்குப் பட்டு

கேள்வி: பழைய சாமான் கடையில் மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று மலிவாகக் கிடைத்தது. தேக்குச் சட்டம், மேல்துணிதான் நைந்திருக்கிறது. வீட்டில் தையல் மெஷின் உண்டு. அம்மாவின் பழைய காஞ்சிப் பட்டுப் புடவைகள் மூன்று பெட்டியிலேயே கிடக்கின்றன. அவற்றை வெட்டி சோபாவுக்கு உறை தைக்கலாமா?
– வாசகி, செவிலிமேடு, காஞ்சிபுரம்

பதில்: உட்காரும் இடத்துக்குப் பட்டு வேண்டாம், அம்மா. தினசரி உரசல், வியர்வை, ஜன்னல் வெயில் மூன்றும் பட்டு இழையை இற்றுப்போகச் செய்யும். வருடக்கணக்கில் மடித்து வைத்த புடவை மடிப்புக் கோட்டில்தான் முதலில் விடும். அசல் ஜரிகை என்பது பட்டு நூலில் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. உட்கார்ந்து எழ எழ அந்தக் கம்பி பிரிந்து, நீங்கள் உடுத்தியிருக்கும் துணியையும் பிடித்து இழுக்கும். சோபா உறை என்றால் கழற்றித் துவைக்க வர வேண்டும். பட்டு அதற்கு ஒத்துவராது.

துணி எடுக்கும் முன் சோபாவைக் கவிழ்த்து, அடித்துணியைப் பிரித்துப் பாருங்கள். சட்டத்திலிருந்து மாவாகப் பொடி கொட்டினால் மரம் உளுத்திருக்கிறது. தையல் ஓரங்களில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி. இவற்றைச் சரிசெய்யாமல் உறை போடக் கூடாது. ஃபோம் அமுங்கியது அமுங்கியபடியே இருந்தால், 32 அல்லது 40 டென்சிட்டியில் புதிதாக வெட்டி வாங்கிப் போட்ட பிறகே அளவெடுங்கள்.

கெட்டிப் பருத்தியே சரி. கேஸ்மென்ட், டக், சென்னிமலைக் கைத்தறிப் போர்வை எதுவும் பொருந்தும். பவானி ஜமுக்காளம் எடுப்பாக இருக்கும். ஆனால் மூலையில் நாலு மடிப்பு சேரும் இடத்தில் வீட்டு மெஷின் திணறும். 54 அங்குல அகலமென்றால் சுமார் 12 முதல் 14 மீட்டர் பிடிக்கும். கட்டம், கோடு போட்ட துணிக்கு ஒன்றிரண்டு மீட்டர் கூடுதலாக வாங்குங்கள். போர்வைகளை இணைத்துத் தைத்தால், இணைப்பு இரண்டு மெத்தைகளுக்கு நடுவில் விழட்டும். வெட்டும் முன் முழுத் துணியையும் நனைத்து உலர்த்திவிடுங்கள். தைத்த பிறகு துணி சுருங்கினால் உறை ஏறாது.

டேப்பை மட்டும் நம்பி வெட்டாதீர்கள். பழைய சோபாவில் இடக்கையும் வலக்கையும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம். பழைய வேட்டியைச் சோபாவின் மேலேயே விரித்து, குண்டூசி குத்தி, தையல் சாக்கால் ஓரம் வரையுங்கள். முதுகின் உள்பக்கம், உட்காரும் இடம், கைகள், கையின் முகப்பு, கடைசியாகப் பின்பக்கம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுங்கள். தையலுக்கு முக்கால் அங்குலம் போதும். முதுகும் இருக்கையும் சேரும் இடுக்கில் மட்டும் ஆறு அங்குலம் தாராளமாக விடுங்கள். அதை உள்ளே சொருகி, இறுகச் சுருட்டிய செய்தித்தாளைச் செருகினால் உட்காரும்போது துணி வெளியே வராது, தையலும் விடாது. வேட்டி உறை சரியாக உட்கார்ந்த பிறகே புதுத் துணியில் கத்தரி வையுங்கள்.

16ஆம் நம்பர் ஊசி, பாலியெஸ்டர் நூல், சற்றுப் பெரிய தையல் போதும். தடித்த இடங்களில் மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பின்மூலை ஒன்றைத் தைக்காமல் விட்டு வெல்க்ரோ வையுங்கள். கழற்றி மாட்டச் சுலபம்.

இனிப் புடவைகளுக்கு வருவோம். மூன்றையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இழை விடாததை வெட்டவே வேண்டாம், உடுத்துங்கள். நைந்ததில் உடல் போனாலும் முந்தானை பல நேரம் நன்றாக இருக்கும். அதில் 16 அங்குலத் திண்டுகளுக்கு முகப்பு எடுக்கலாம். உள்ளே மல் துணி கொடுத்து, பின்பக்கத்தைப் பருத்தியில் தைத்து, ஜரிகைக் கரையை முதுகு படாத ஓரத்துக்குத் தள்ளுங்கள். கோர்வைக் கரை என்பது மூன்று நாடா ஓட்டி, பக்கத்தில் இன்னொருவர் துணையோடு நெய்வது. தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த ஊர்க்காரரான உங்களுக்கு அந்த உழைப்பு தெரியும். அது உட்காரும் இடத்தில் தேய வேண்டாம்; வருகிறவர்கள் கண்ணில் படும்படி இருக்கட்டும்.