திரையில் பேசும் கைகள்

காது கேளாதோர் பலருக்குச் சைகைமொழியே முதன்மொழி. கைகளோடு முகக்குறிப்பும் சேர்ந்தே அதில் பொருள் உணர்த்தும். முன்னர், தொலைவில் உள்ள நண்பருக்கு அவர்கள் எழுத்தில்தான் செய்தி அனுப்ப இயன்றது. காணொளி அழைப்பு வந்தபின் தம் மொழியிலேயே உரையாடுகின்றனர். ஆயினும், கைபேசியைப் பிடிக்க ஒரு கை வேண்டுமே! இந்தியச் சைகைமொழியில் ஆங்கில எழுத்துகள் பலவற்றை இரு கைகளாலும் காட்டுவர். ஆகவே சிலர் கைபேசியைச் சுவரில் சாய்த்து வைக்கின்றனர். சிலர் ஒரு கையாலேயே சொற்களைக் காட்டுகின்றனர். திரைக்குள் அடங்குமாறு அசைவுகளும் சுருங்குகின்றன.

காது கேளாத குழந்தைகளுள் பெரும்பாலோரின் பெற்றோர் கேட்கும் திறனுடையவர்கள். பிள்ளையின் மொழியை அவர்கள் புதிதாகக் கற்கவேண்டும். நடுவண் அரசு 2022இல் வெளியிட்ட ‘சைன் லேர்ன்’ செயலியில் 10,000 சொற்களுக்குரிய சைகைகளை அவர்கள் வீட்டிலிருந்தே காணலாம்.