வழியில் காணாமற்போன பொருளுக்குப் பொறுப்பாளர் யார்?
எல்லைக் கிராமங்களில் இணையவழி நுகர்வோர் உரிமை

வாங்குபவரும் விற்பவரும் நேரில் சந்திக்காமலே நடைபெறும் வணிகம் நம் நாட்டிற்குப் புதிதன்று. 1877ஆம் ஆண்டிலேயே அஞ்சல் துறை வி.பி.பி. முறையைத் தொடங்கியது. பொட்டலத்தைப் பெறும்போதுதான் வாங்குபவர் பணம் செலுத்தினார். ஆதலின் பொட்டலம் வழியில் தொலைந்தாலும் அவர் பணம் அவரிடமே இருந்தது. இன்றைய இணையவழி வணிகத்தில் பலர் முன்கூட்டியே பணம் செலுத்திவிடுகின்றனர். பொருள் வந்து சேராவிடின் இழப்பு முதலில் அவர்களையே தாக்குகிறது. இந்நிலையில் சட்டம் அளிக்கும் பாதுகாப்பு யாது என்பதைக் கேரளத்தின் தென்கோடிக் கிராமங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வது பயனுடையதாகும்.

எல்லைப் பகுதியின் இயல்பு

திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்தது பாறசாலை. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டபோது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நிலைத்தது. ஆட்சி எல்லை பிரிந்த போதிலும் மக்கள் வாழ்வு பிரியவில்லை. பாறசாலைப் பகுதியில் குடியிருந்து களியக்காவிளையிலோ மார்த்தாண்டத்திலோ தொழில் செய்வோரும், அங்கிருந்து இப்பக்கம் வருவோரும் உளர். தமிழும் மலையாளமும் இருபுறமும் வழங்குகின்றன.

1972 ஆகஸ்ட் 15இல் நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு எண் முறையில் இரு மாநிலங்களுக்கும் முதல் இலக்கம் 6 என்பதே. இரண்டாம் இலக்கத்தில்தான் வேறுபாடு தொடங்குகிறது. பாறசாலையின் எண் 69 எனவும், களியக்காவிளையின் எண் 62 எனவும் தொடங்கும். சில கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இவ்வூர்களின் எண்கள் மாறி எழுதப்படின், பொட்டலம் வேறு மாநிலத்தின் பகிர்வு நிலையத்திற்குச் சென்றுவிடக்கூடும். முகவரியைப் பிழையின்றி எழுதுவது நுகர்வோரின் முதற்கடமையாவது இதனாலேயே.

ஓர் எடுத்துக்காட்டு

பாறசாலையை அடுத்த இஞ்சிவிளையில் குடியிருக்கும் பெண் ஒருவர் களியக்காவிளையில் சொந்தமாகத் தையற்கடை நடத்துவதாகக் கொள்வோம். பழைய இயந்திரம் பழுதுபட்டதால், 14,000 ரூபாயை முன்பணமாகச் செலுத்தி இணையவழியில் புதிய தையல் இயந்திரம் வாங்குகிறார். பத்தாம் நாள் கைப்பேசியில் 'பொருள் ஒப்படைக்கப்பட்டது' எனச் செய்தி வருகிறது. ஆனால் வீட்டிற்குப் பொருள் வரவில்லை. விற்பனையாளர் கூரியர் நிறுவனத்தைக் கைகாட்டுகிறார். இணையத்தளம் தான் வெறும் இடைத்தரகர் என்கிறது. கூரியர் நிறுவனமோ கணினிப் பதிவைக் காட்டுகிறது. அன்றாட வருவாயை நம்பி வாழும் ஒருவருக்கு இது பணத்தின் இழப்பு மட்டுமன்று. தொழிலே நின்றுவிடும் நிலையாகும்.

பழைய சட்டமும் புதிய சட்டமும்

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, சரக்கை எடுத்துச் செல்வோரிடம் விற்பவர் ஒப்படைப்பதையே வாங்குபவரிடம் ஒப்படைத்ததாக முதல் நோக்கில் கருதுகிறது. அவ்வாறாயின் வழியில் நேரும் இழப்பு வாங்குபவரைச் சாரும். எனினும் மாறான உடன்பாடு இருப்பின் இவ்விதி பொருந்தாது. எடுத்துச் செல்வோருடன் விற்பவர் தக்க ஒப்பந்தம் செய்யத் தவறியிருப்பினும், வாங்குபவர் அந்த ஒப்படைப்பை ஏற்க மறுக்கலாம். வீட்டு வாயிலில் சேர்ப்பதாகக் கூறி விலை பெறும் வணிகத்தில், அவ்வாறு சேர்ப்பதும் உடன்பாட்டின் ஒரு பகுதி என வாதிட நல்ல இடமுண்டு.

2020 ஜூலை 20இல் நடைமுறைக்கு வரத் தொடங்கிய 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இக்கேள்வியை வேறு வழியில் அணுகுகிறது. இணையவழியில் வாங்குவோரையும் அது நுகர்வோர் என்றே வரையறுக்கிறது. வாக்களித்த பணியில் ஏற்படும் குறைபாடு முறையீட்டுக்கு உரியதாகும். மறுவிற்பனைக்காக வாங்குவோர் நுகர்வோர் அல்லர். ஆனால் சுயதொழிலால் வாழ்க்கை நடத்துவதற்கென்றே வாங்கிப் பயன்படுத்துவோர் நுகர்வோரே. ஆகவே மேற்கூறிய தையற்கடை உரிமையாளருக்கும் இச்சட்டத்தின் பாதுகாப்பு உண்டு.

2020 ஜூலை 23இல் அறிவிக்கப்பட்ட மின்வணிக விதிகளின்படி, ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் குறைதீர் அலுவலரை நியமித்து அவருடைய பெயரையும் தொடர்பு விவரங்களையும் வெளியிட வேண்டும். முறையீடு கிடைத்ததை அவர் 48 மணி நேரத்திற்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும். பிறர் பொருள்களை விற்க இடமளிக்கும் தளங்கள் விற்பனையாளரின் விவரங்களையும் முறையீட்டுக்குரிய பதிவெண்ணையும் நுகர்வோருக்குத் தர வேண்டும். ஆதலின் 'விற்றவர் யாரோ' எனக் கூறித் தளம் ஒதுங்கிவிட இயலாது.

கூரியர் நிறுவனத்தின் பொறுப்பு வரம்பு பற்றியும் ஒரு தெளிவு தேவை. பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், அனுப்பியவர் கையொப்பமிட்ட சீட்டில் கண்ட 100 டாலர் வரம்பு அவரைக் கட்டுப்படுத்தும் எனத் தீர்ப்பளித்தது. அங்கு வழக்குத் தொடுத்தவர் பொட்டலத்தை அனுப்பியவரே. இணையவழியில் வாங்குபவரோ அத்தகைய சீட்டில் கையொப்பமிடுவதில்லை. கூரியரைத் தேர்ந்தெடுப்பதும் அவரல்லர். எனவே அவர் முதலில் விற்பனையாளரையும் தளத்தையும் பொறுப்பாக்குவதே தக்கது.

எங்கு முறையிடுவது?

1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில், எதிர்த்தரப்பினர் இருக்கும் இடத்திலோ வழக்கின் காரணம் எழுந்த இடத்திலோதான் முறையிட முடிந்தது. புதிய சட்டத்தின் 34ஆம் பிரிவு, முறையிடுபவர் குடியிருக்கும் இடத்திலோ வருவாய்க்காகத் தாமே பணிபுரியும் இடத்திலோ முறையிடவும் வழி செய்துள்ளது. எல்லைப்புற மக்களுக்கு இது பெரும் நன்மையாகும். இஞ்சிவிளையில் குடியிருப்பதால் அப்பெண் திருவனந்தபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தையும், களியக்காவிளையில் தொழில் செய்வதால் நாகர்கோவிலில் உள்ள கன்னியாகுமரி மாவட்ட ஆணையத்தையும் நாடலாம். இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்வது அவருடைய உரிமை. நிறுவனத்தின் தலைமையகம் வேறு மாநிலத்தில் இருப்பது தடையன்று.

செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரை உள்ள முறையீடுகளை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இன்றித் தாமே வாதிடலாம். முறையீட்டின் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு அளித்தல் வேண்டும். 1915 என்னும் எண்ணில் இயங்கும் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். 2025 ஜனவரி 1 முதல் 'இ-ஜாக்ரிதி' தளம் வழியாக மனுவை இணையத்திலேயே அளிக்கும் வசதியும் உள்ளது.

சான்றுகளின் தேவை

பொருளை ஒப்படைத்ததாகக் கூறுபவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும் என்பது பொதுநீதி. கையொப்பம், ஒருமுறைக் கடவுஎண், ஒப்படைத்த இடத்தின் நிழற்படம் ஆகியவற்றுள் எது உள்ளது என நுகர்வோர் எழுத்து மூலம் கேட்க வேண்டும். பொருள் வராத அன்றே முறையிடுதல், பணம் செலுத்திய சான்றையும் கைப்பேசிச் செய்திகளையும் அழிக்காது வைத்தல், பொருளைக் காணாமல் கடவுஎண்ணைக் கூறாதிருத்தல் ஆகியன இன்றியமையாதன. தொலைபேசியில் மட்டும் பேசிவிட்டுக் காத்திருப்போரின் வழக்கு, காலம் செல்லச் செல்ல வலுவிழக்கிறது.

செய்ய வேண்டுவன

பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், பொதுவாக, பொருள் நுகர்வோரின் கைக்கு வந்து சேரும்வரை இழப்பின் பொறுப்பு வணிகரையே சாரும் என வெளிப்படையாகக் கூறுகிறது. நம் மின்வணிக விதிகளிலும் அத்தகைய ஒற்றை வரி இடம்பெறுமாயின், விற்பனையாளர், தளம், கூரியர் என மூவரிடமும் மாறி மாறி அலையும் நிலை நுகர்வோருக்கு நேராது. அதுவரை, உள்ள உரிமைகளை ஊராட்சிகள், நூலகங்கள், பள்ளி நுகர்வோர் மன்றங்கள் ஆகியன இரு மொழிகளிலும் மக்களிடம் கொண்டு செல்லுதல் வேண்டும். மாநில எல்லை, பொட்டலத்தைத் திசைமாற்றக்கூடும். நுகர்வோரின் உரிமையைத் திசைமாற்ற அதனால் இயலாது என்பதை எல்லைக் கிராம மக்கள் அறிந்திருத்தல் நலம்.