பீரோவில் பட்டு, வீட்டில் பூனை

ஆரணியில் எலிக்குப் பயந்து பூனை வளர்க்கும் நெசவு வீடுகள் உண்டு. எலி ஓர் இரவு பாவில் வாய் வைத்தால் பல நாள் உழைப்பு போச்சு. அதே வீட்டுப் பீரோவில் கல்யாணப் பட்டுக்கு நடுவே அந்துருண்டை கிடக்கும். அந்துப்பூச்சியைக் கொல்லும் நாஃப்தலீன் பூனை, நாயின் சிவப்பணுக்களையும் உடைக்கும். அதை முறிக்கும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு. ஐரோப்பிய ஒன்றியம் 2008இலேயே நாஃப்தலீன் உருண்டை விற்பனையை நிறுத்திவிட்டது. நம்மூர் மளிகைக் கடையில் இன்றும் சரம்சரமாகத் தொங்குகிறது.

முதலில், இருக்கும் உருண்டை எதுவென்று பாருங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் கற்பூர உருண்டை மிதக்கும். மூழ்கினால், கரையும் மட்டும் உப்பைப் போட்டுக் கலக்குங்கள். இப்போது மேலே வருவது நாஃப்தலீன். அப்போதும் அடியிலேயே கிடப்பது பாராடைகுளோரோபென்சீன். மூன்றுமே வளர்ப்புப் பிராணிக்கு ஆகாதவை. ஆனால் மருத்துவரிடம் சொல்ல இந்த விவரம் தேவைப்படும்.

பிறகு எல்லா உருண்டைகளையும் பொறுக்கி, மூடியுள்ள டப்பாவில் போட்டு வீட்டைவிட்டு அகற்றுங்கள். மூலையில் உருண்டு போனதையும் விடாதீர்கள். நாய்க்குட்டி முதலில் கண்டுபிடிப்பது அதைத்தான். பீரோத் தட்டுகளை ஈரத்துணியால் துடைத்து, புடவைகளை வாசனை போகும்வரை நிழலில் காற்றாட விடுங்கள். வெயில் வேண்டாம், சாயம் வெளுக்கும். அதுவரை பூனையை அந்த அறைக்குள் விடாதீர்கள். திறந்த பீரோவும் மடித்த பட்டும் அதற்கு மெத்தை. ரோமத்தில் ஒட்டியதை நக்கியே விழுங்கிவிடும்.

இனிப் பட்டுக்கு என்ன காவல்? சுத்தம்தான். அந்து தேடி வருவது வியர்வையும் சோற்றுக் கறையும் உள்ள துணியை. உடுத்திய புடவையை அப்படியே மடித்து வைக்காமல், சுத்தம் செய்து, நன்றாக உலர்த்தி, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றுங்கள், ஜரிகையும் மடிப்பில் ஒடியாது. வேப்பிலையோ வசம்போ வைப்பதானால் துணியில் முடிந்து, மூடிய பீரோவுக்குள் மட்டும் வையுங்கள். வசம்பும் பூனை மெல்லும் பொருளல்ல.

சாயம் போடும் வீடாக இருந்தால், பிராணிகள் வாய் வைக்காதபடி சோடா, அமிலம், சாயத் தண்ணீர் வாளிகளுக்கும் மூடி கட்டாயம்.

பிராணி உருண்டையைத் தின்றுவிட்டால் பால் கொடுக்காதீர்கள். கொழுப்போடு நாஃப்தலீன் உடம்பில் வேகமாக ஏறும். உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைப்பதும் ஆபத்து. வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் பூனைக்குத் தனி விஷம். வாந்தி, சோர்வு, வெளிறிய அல்லது பழுப்பேறிய ஈறு, கறுத்த சிறுநீர், வலிப்பு ஆகியவை அறிகுறிகள். சில, நாட்கள் கழித்தே தெரியும். அதனால் இப்போது நன்றாகத்தானே ஓடுகிறது என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். மீதி உருண்டையையும் அதன் பாக்கெட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.